அருந்ததி தெரிகிறதா

என் மூக்குக்கண்ணாடி எங்கள் ஊர் வேங்கடேசுவர சாமி உண்டியலுக்குள் போய்விட்டது. போட்டது என் அம்மா நாகேந்திரம்மா. மகளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கண்ணாடியைக் காணிக்கையாகப் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். உண்டியலின் வாய் சின்னது, ஃபிரேம் உள்ளே போகவில்லை. அம்மா அதன் காலை மடக்கி, நடுவில் நெளித்து, அர்ச்சகரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லித் திணித்துவிட்டுத்தான் வீடு வந்தாள். சாமிக்கு மைனஸ் ஆறு பவர் பொருந்துமா அம்மா என்று கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள் என்றாள். நானும் போட்டுக்கொண்டேன்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடிதான் என் முகம். பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்றார்கள். இப்போது நரசராவ்பேட்டையில் இன்டர் காலேஜில், அதாவது பிளஸ் டூவுக்கு, விலங்கியல் நடத்துகிறேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அதையேதான் சொல்கிறார்கள். அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. வருஷா வருஷம் கரும்பலகை நிறைய ஒரு கண்ணை வரைந்து கலர் சாக்பீஸால் பாகம் குறிப்பேன். கண்ணாடியைக் கழற்றினால் நான் வரைந்த கண்ணே எனக்குத் தெரியாது. போட்டால் எல்லாம் தெரியும். அப்படியிருக்க இதில் ஆபரேஷன் செய்ய என்ன இருக்கிறது என்றால், கல்யாணம் இருக்கிறது.

குண்டூர் சம்பந்தம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா என்னை அடுப்படியில் மடக்கினாள்.

"கண்ணாடியக் கழட்டிட்டுப் போ."

"அப்புறம் மாப்பிள்ள யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். அவங்க பாத்தாப் போதும்."

கூடத்துக்குப் போனேன். எல்லாரும் தண்ணீர் பட்ட ஓவியமாகக் கலங்கித் தெரிந்தார்கள். நீலச்சட்டை போட்டிருப்பான் என்று சொல்லியிருந்தார்கள். நீலமாகத் தெரிந்த ஆள் முன்னால் காபித் தட்டை நீட்டித் தலையைக் குனிந்து, முறைப்படி வெட்கப்பட்டு நின்றேன். அது கல்யாணத் தரகர். அவருக்குப் பேரன் பேத்தி உண்டு. சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். இந்த ஏமாற்று வேலை நமக்கு எப்போதுமே வராது.

அப்போதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். பெயர் ஸ்ரீகர், ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவன் மூக்கின் மேலும் ஒரு கண்ணாடி. என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் மெல்லிசு.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா வதினா," என்றாள் அவன் அம்மா ரத்னகுமாரி, என் அம்மாவிடம். "அந்தக் கண்ணாடிதான் மூஞ்சியவே முழுங்கிடுது. இப்பதான் லேசர் வந்துடுச்சே. எங்க எதிர்வீட்டுப் பொண்ணு காலைல போச்சு, மத்தியானம் சோத்துக்கு வந்துடுச்சு. மணைல எம் மருமக கண்ணாடியோட உக்காந்தா வீடியோல எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க."

"உங்க பையனும் போட்டிருக்காரே?" என்றேன் நான். அம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

"அது கம்ப்யூட்டரப் பாத்துப் பாத்து வந்ததும்மா. ஆம்பளப் பிள்ள கண்ணாடி போட்டா அது ஒரு ஆபீசர் களை."

ஸ்ரீகர் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். தன் அம்மாவின் பேச்சுக்குக் கூச்சப்படுகிறவன் சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துத் தொலைத்தது. மனசார ஒத்துக்கொண்டுதான் அந்தச் சம்பந்தத்துக்குச் சரி என்றேன். ஆபரேஷனுக்கும் சரி என்றேன்.

குண்டூரில் கண் டாக்டர் பர்வீன் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். அவரும் கண்ணாடி போட்டிருந்தார்.

"கண்ணாடி வேணாம்னு உனக்கே தோணிச்சா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவரை நான்னா என்போம். நான்னா தொண்டையைச் செருமினார். "கல்யாணம் நிச்சயமாயிருக்கு டாக்டரம்மா."

"அதானே பாத்தேன். எப்போ?"

"வைசாகம் கடைசில. ரெண்டு மாசம் கிடக்கு."

"அப்பப் பயமில்ல," என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, கருவிழி மேல்தோலச் சுரண்டிட்டு லேசர் விடுறது. நாலஞ்சு நாள் நல்லா வலிக்கும். பார்வை தெளியச் சில வாரம் புடிக்கும். ஆனா பின்னாடி கழண்டு வர்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு, மெல்லிசா ஒரு மூடி வெட்டித் தூக்கி, அடியில லேசர் விட்டுட்டுத் திரும்ப மூடிடுறது. வலி ஒரு நாள்தான். மறுநாளே பளிச்சுன்னு தெரியும். ஆனா அந்த மூடிக்குத் தையல் கிடையாது. அதுவா ஒட்டிக்கணும். மொதல் மாசம் கசக்கக் கூடாது, அடி படக் கூடாது. தூசு, பொகை, தலைக்கு ஊத்துறது எதுவும் ஆகாது. ராத்திரில வெளக்கச் சுத்தி வட்டம் தெரியும், கண்ணு காயும், மருந்து விடணும். என்னக் கேட்டா மொதல் வழி."

"எனக்கும் மொதல் வழிதான்," என்றேன்.

"ரெண்டாவது," என்றார் நான்னா. "அடுத்த வாரம் சம்பந்திங்க புடவ எடுக்க வர்றாங்க. அந்த நேரம் நீ மசமசன்னு முழிச்சிட்டு நின்னா? கண்ணு போச்சுன்னு ஊர் பூராச் சொல்லிடுவாங்க."

ரெண்டாவது வழிதான் முடிவானது. வண்டியில் வரும்போது நான்னா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். "அந்த டாக்டரம்மாவே கண்ணாடி போட்டிருக்காங்களே, ஏன் பண்ணிக்கல?"

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு நான்னா."

நான்னா சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். இமை மூடாமலிருக்கக் கம்பி வைத்தார்கள். கண்ணின் மேல் ஒரு வளையத்தை அழுத்தியதும் எல்லாம் கறுத்துப்போனது. அந்த ஒரு இடத்தில்தான் பயந்துபோனேன். திரும்ப வெளிச்சம் வந்தபோது தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு. அதையே பாரு, அதையே பாரு என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். முடி கருகுகிற நாற்றம் வந்தது. அது என் கண் என்று தெரிந்தும் அசையாமல் கிடந்தேன். அப்புறம் ஒரு சின்ன பிரஷ்ஷால் மூடியைத் தடவித் தடவி ஒட்டினார். சாயந்தரம் மருந்தின் வேகம் போனதும் மிளகாய்ப்பொடி எரிச்சல். குண்டூர் மிளகாய் தின்று வளர்ந்தவளுக்கே எரிகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கிப் போனேன்.

மறுநாள் காலை படுக்கையில் கண்ணைத் திறந்தபோது மின்விசிறியின் இறக்கை தெரிந்தது. அதன் விளிம்பில் படிந்திருந்த தூசி தெரிந்தது. சுவரில் பல்லி. அதன் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழக்கத்தில் தலையணைக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துழாவிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் சொல்லி, எதற்காகச் செய்திருந்தால் என்ன, அந்தக் காலை எனக்குச் சொந்தம். அம்மா, ஃபேன்ல எவ்வளவு தூசி பாரு என்று கத்தினேன். சம்பந்தி வீட்டார் வந்து சொன்னதுபோல அம்மா துடைக்கத் துணியோடு ஓடி வந்தாள்.

புடவைக் கடையில் ரத்னகுமாரி அத்தை என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனாள். எதிர்க்கடை போர்டைப் படி என்றாள். படித்தேன். அதுக்குக் கீழே பொடி எழுத்து என்றாள். அதையும் படித்தேன். மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் இல்லையா, அப்படி. பக்கத்தில் நின்ற ஸ்ரீகர் தன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வார முடிவில் போன் வந்தது. எங்கள் புரோகிதர் பந்துலுகாரு ஒரு பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறித்திருந்தார். அவர்களுடைய பந்துலுகாரு வேறு பஞ்சாங்கம் பார்க்கிறவர். அவர் கணக்குப்படி நாங்கள் குறித்த நாள் மூடத்துக்குள் விழுகிறதாம். சுக்கிரன் மறைந்திருக்கும்போது யார் தாலி கட்டுவார்கள்? மூடத்துக்கு முந்தி எங்கள் இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும் பொருந்துகிற நாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அடுத்த வாரம். அதை விட்டால் மழைக்காலம் முடிய வேண்டும்.

"மழைக்காலம் முடியட்டும்," என்றேன்.

"அதுக்குள்ள அவங்க மனசு மாறிடுச்சுன்னா?" என்றாள் அம்மா.

"மாறுற மனசு இப்பவே மாறட்டும்."

"வாய மூடு. கண்ணு தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் பர்வீனிடம் தேதியைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம பக்கத்துக் கல்யாணம் எனக்குத் தெரியாதா? தலைக்கு ஊத்துவாங்க, ஓமம் வளப்பாங்க, அதுக்கப்புறம் அந்த அரிசி. ரெண்டு பேரும் போட்டி போட்டு அள்ளி வீசுவீங்க. ஒரு அரிசி போதும்மா, மூடி நகந்துடும்." மேசை இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் காப்புக்கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பவர் இல்ல, சும்மா தடுப்புதான். அரிசி போடுற நேரம் மட்டும் மாட்டிக்கோ. அப்படியும் ஏதாச்சும் பட்டுடுச்சுன்னா, எதுக்கும் காத்திருக்காம ஓடி வந்துடு. தாலி பாதி கட்டியிருந்தாலும் எந்திரிச்சு வந்துடு."

அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. மங்கள ஸ்நானத்துக்குத் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் மட்டும், தண்ணீர் கழுத்துக்குக் கீழேதான் என்று ஜெயித்தேன். கண்ணுக்கு மை கிடையாது என்பதிலும் ஜெயித்தேன். ஓமகுண்டம் தள்ளி இருக்கட்டும், பக்கத்தில் ஒரு மின்விசிறி வேண்டும் என்றதற்குப் பந்துலுகாரு முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார். காப்புக்கண்ணாடியில்தான் தோற்றேன்.

"கண்ணாடி எடுக்கத்தானே ஆபரேஷன் பண்ணினது?" என்று ரத்னகுமாரி அத்தை போனில் கேட்டாள். "அத்தனையும் பண்ணிட்டு மணைல வெல்டிங் பட்டறைக்காரி மாதிரி உக்காருவியா? போட்டோவப் பாக்குற சனம் என்னைய இல்ல கேக்கும்?"

ஸ்ரீகரிடம் பேசினேன். "அத்தகாருகிட்ட நீங்க சொல்லுங்களேன். ஒரு பத்து நிமிஷம்தான்."

"அம்மாவ விடு பிந்து. அவங்ககிட்ட யாரு மல்லுக்கட்டுறது? நான் பாத்துக்கறேன். உன் உச்சந்தலைல நாலே நாலு அரிசி, பூ மாதிரி வெக்கிறேன். போதுமா?"

"சத்தியமா?"

"என் கண்ணு மேல சத்தியம்."

நம்பினேன். காப்புக்கண்ணாடியை அலமாரியில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்.

சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைத்தோம். நடுவிலிருந்த திரை விலகியது. ஆபரேஷன் முடிந்த கண்ணால் அவனை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அப்போதுதான். மீசையை ஒதுக்கும்போது பட்ட சின்னக் கீறல்கூடத் தெரிந்தது. தாலி கட்டினான். மேளம் உச்சத்துக்குப் போனது. அப்புறம் இரண்டு தாம்பாளங்களில் நெய்யும் மஞ்சளும் பிசைந்த அரிசி வந்தது.

முதலில் அவன் சொன்னபடியேதான் செய்தான். உச்சியில் நாலு அரிசி வைத்தான். நானும் அவன் தலையில் கொஞ்சம் போட்டேன். யார் அதிகம் கொட்டுகிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்பது எங்கள் பக்கத்து வேடிக்கை. அவன் மாமா பையன்கள் பின்னாலிருந்து சும்மா இருப்பார்களா?

"என்னடா பாவா, கோழிக்குத் தீனி போடுற மாதிரி போடுற?"

"இப்பவே அடங்கிட்டான்டா. இனிமே பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு."

வீடியோக்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "சார், இது ஒண்ணும் சரியா வரல. நல்லா அள்ளி ஒரு தடவ. மேடம், நீங்களும்."

ஸ்ரீகரின் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. பத்துப் பேர் பார்க்கும்போது பையன்களுக்கு வருமே ஒரு குஷி, அது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நான் விளையாட்டுக்கு ஆட்டுகிறேன் என்று எல்லாரும் சிரித்தார்கள். கையில் இருந்ததை நான் போட்டேன். அது அவன் கண்ணாடியில் பட்டுத் தெறித்து விழுந்தது. அவன் இரண்டு கையாலும் அள்ளினான். மேலேயிருந்து கொட்டவில்லை, நேராக முகத்தில் வீசினான்.

கண்ணை மூடினேன். மூடுவதற்குள் வலது கண்ணில் சுருக்கென்று ஒன்று இறங்கிவிட்டது. திறந்தால் அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய்த்தாள் ஒட்டினாற்போல மங்கல். கண்ணீர் கொட்டியது. கசக்கக் கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது. இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"பட்டுடுச்சு," என்றேன் அவனிடம். "கண்ணுல பட்டுடுச்சு. தெரியல."

"ஐயோ, சாரி சாரி. ஒரு நிமிஷம் இரு, கேமரா ஓடுது. சிரிச்ச மாதிரி இரு."

அம்மா முந்தானையோடு வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "தொடாதம்மா. மூடி நகந்துடுச்சு. உடனே குண்டூர் போகணும்."

"இப்பவா?" என்றாள் அம்மா. "ஏழடி வெக்கல. ஓமம் ஆகல. பாதில எந்திரிச்சா குடும்பத்துக்கே ஆகாதுடி. கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு, என் தங்கம் இல்ல?"

பொறுத்துக்கொண்டேன். அரிசி பட்டதுகூட விபத்து என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் நடந்தது எதுவும் விபத்து இல்லை. ஓமம் வளர்த்தார்கள். மின்விசிறியின் காற்று புகையை அள்ளி என் மூஞ்சியில்தான் போட்டது. ஒற்றைக் கண்ணால் தரையைப் பார்த்து ஏழடி நடந்தேன். கல்யாணப் பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று ஒரு பெரியம்மா தன் மூக்கைச் சிந்தினாள். மெட்டி போட்டார்கள். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கண்ணுக்குள் ஏதோ மடங்குவது எனக்குத் தெரிந்தது. கரும்பலகையில் அந்த இடத்தைப் பச்சை சாக்பீஸால் வரைவேன்.

கடைசியில் அருந்ததி காட்டக் கூட்டிப்போனார்கள். உச்சிவெயில். மண்டபத்துக்கு வெளியே எல்லாரும் வட்டமாகக் கூடினார்கள். பந்துலுகாரு கையை வானத்தை நோக்கி நீட்டினார். அவர் கைமேல் கைவைத்து ஸ்ரீகரும் நீட்டினான்.

"அதோ பாரும்மா, வசிஷ்டர் பக்கத்துல சின்னதா அருந்ததி. தெரியுதா?"

பட்டப்பகலில் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? இத்தனை கல்யாணத்தில் இத்தனை பெண்கள் தெரியுது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். என் அம்மாவும் சொன்னவள்தான்.

"தெரியல," என்றேன்.

"தெரியுதுன்னு சொல்லும்மா. யாருக்குத் தெரியுது? ஒரு முறைக்குத்தான்."

"லேசர் பண்ணின கண்ணுக்கே தெரியலையா?" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரிப்பு எழும்பியது.

இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டேன். "அருந்ததிய விடுங்க பந்துலுகாரு. உங்க கை தெரியல. இவரு மூஞ்சி தெரியல. சூரியன் இருக்கிற எடம் ஏதோ வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான். காலைலேருந்து சொல்லிட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றுபோனது. ரத்னகுமாரி அத்தை முதலில் சமாளித்துக்கொண்டாள். "தூசிதான் இருக்கும். ரோஸ்வாட்டர் விட்டா சரியாப்போயிடும். அப்பகிந்தலு மட்டும் முடியட்டும், பொண்ண எங்க கைல ஒப்படைச்சுட்டா நாங்களே கூட்டிட்டுப் போறோம்."

நான்னா செருப்பைக்கூடப் போடாமல் காரை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். நான் ஏறினேன். என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிலும் பார்த்துவிட்டு ஸ்ரீகரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நான் நடந்த வழியெல்லாம் தலையிலிருந்து மஞ்சள் அரிசி உதிர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் பர்வீன் என் பட்டுப்புடவையையும் கழுத்து மாலையையும் ஒரு தடவை பார்த்தார்.

"எப்போ பட்டுச்சு?"

"காலைல."

மறுபடியும் அதே மேசை, அதே கம்பி. ரொம்ப நேரம் கழுவினார். இந்தத் தடவை சிவப்புப் பொட்டு இல்லை, பார்க்கச் சொல்லவும் இல்லை. முடித்ததும் கண்ணின் மேல் பிளாஸ்டிக் கவசத்தை ஒட்டி என்னை வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார். நான்னாவும் ஸ்ரீகரும் எழுந்து நின்றார்கள்.

"மூடி மடிஞ்சுபோயிருந்தது. அடியில மஞ்சத்தூள், புகைக்கரி எல்லாம் போயிருக்கு. கழுவி நிமித்தி ஒட்டியிருக்கேன், சுருக்கம் முழுசாப் போகல. பட்ட உடனே வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. மொதல்ல சீழ் புடிக்காம இருக்கணும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இன்னிக்கி என்னால சொல்ல முடியாது."

நான்னா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்ரீகர் ஒரு எட்டு முன்னால் வந்தான். அவன் முகத்தில் கவலை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். என்னிடம் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். கேமரா ஓடுது என்று சொன்னதற்கு ஒரு வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் மறந்துகூடப் போயிருப்பேன், நான் அப்படிப்பட்ட லூசுதான். அவன் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், ஒரு டவுட். திரும்பக் கண்ணாடி போட வேண்டி வருமா?"

டாக்டர் பர்வீன் தன் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

நான் எழுந்தேன். இடது கண் அருமையாக வேலை செய்தது. அவன் கண்ணாடியில் நெய்யும் மஞ்சளுமாக நான் போட்ட அரிசியின் தடம் புள்ளிபுள்ளியாகக் காய்ந்திருந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தன. கையை நீட்டி அதை அவன் மூக்கிலிருந்து கழற்றினேன்.

"இதையும் உண்டியல்ல போட்டுடலாம்," என்றேன். "எங்கம்மாவுக்கு எப்படி மடக்கித் திணிக்கணும்னு தெரியும். அப்புறம் நீங்களும் லட்சணமா இருப்பீங்க."

அவன் இமையைச் சுருக்கிக்கொண்டு காற்றில் கையை நீட்டினான். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டினான். "வெளையாடாத பிந்து. கண்ணாடியக் குடு. எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்கும்தான் தெரியலன்னேன். நீங்க சிரிக்கச் சொன்னீங்க."

நாற்காலியின் மேல் கண்ணாடியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவன் நாற்காலி நாற்காலியாகத் தடவுகிற சத்தம் கேட்டது. நான்னா எனக்கு முன்னால் போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். வெறும் காலில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மண்டபத்துல எல்லாரும் காத்துட்டிருக்காங்க. எங்கம்மா போகட்டும்?"

"நம்ம வீட்டுக்கு நான்னா. அலமாரில அந்தக் காப்புக்கண்ணாடி இருக்கு. இருக்கிற கண்ணுக்காவது போட்டுக்கணும்."